துளைபட்டும் மூழ்காத கப்பல்கள்

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

முன்னுரை

இயற்பியல் வகுப்பில் மிதத்தல் விதியைப் படித்துக்கொண்டிருந்த நாள் அது. மிதக்கும் பொருளின் எடையும், அப்பொருள் வெளியேற்றும் நீரின் எடையும் சமம் என்று கரும்பலகையில் எழுதி முடித்தார் எங்கள் சிஸ்டர். கடைசி வரிசையில் இருந்த தோழி ஒருத்தி எழுந்தாள். "சிஸ்டர், கப்பலில் ஓட்டை விழுந்தால் அது மூழ்கத்தானே வேண்டும்? ஆனால் போரில் குண்டு பட்ட கப்பல்கள் சில வீடு திரும்பியதாகப் படிக்கிறோமே, அது எப்படி?" என்று கேட்டாள். வகுப்பில் சிலர் சிரித்தோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. "இது நல்ல கேள்வி. விடையை நான் சொல்லப் போவதில்லை. நீங்களே தேடி, ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள்" என்றார்.

அவ்வாறு பிறந்ததே இக்கட்டுரை. கப்பலின் இரும்பைப் பற்றித்தான் எழுதத் தொடங்கினோம். படிக்கப் படிக்க, இரும்பை விட மனிதரைப் பற்றியே மிகுதியாக எழுத வேண்டியதாயிற்று.

மீண்டெழும் ஆற்றல் என்பது யாது?

களிமண் உருண்டையைத் தரையில் எறிந்தால் சப்பையாகி அங்கேயே கிடக்கும். ரப்பர் பந்தை எறிந்தால் அதுவும் ஒரு நொடி நசுங்கும். ஆனால் மறு நொடியே தன் வடிவம் பெற்று எழும். அடி இரண்டுக்கும் ஒன்றே. எழுவதில்தான் வேற்றுமை. திருவள்ளுவரும் இப்பொருளைப் பற்றி "இடுக்கண் அழியாமை" என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார்.

எல்லாப் படைகளுக்கும் இவ்வாற்றல் தேவையே. எனினும் கடற்படைக்கு அது உயிர்மூச்சு போன்றது. தரையில் போரிடும் வீரனுக்குப் பின்வாங்க இடம் உண்டு. நகரத்தில் வீடு பற்றி எரிந்தால் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வரும். நடுக்கடலில் யார் வருவார்? மாலுமிக்குக் கப்பலே வீடு, கப்பலே கோட்டை, கப்பலே மருத்துவமனை. தீயணைப்பவனும் அவனே, தச்சனும் அவனே, செவிலியும் அவனே. ஆகவே ஒரு கடற்படை தன் வீரர்களை எவ்வாறு மீண்டெழப் பழக்குகிறது என்பதை அறிய, அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். அந்தக் கடற்படை தன் வெற்றிகளோடு தன் தவறுகளையும் ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறது. தவறுகளே எங்களுக்குப் பெரிய பாடமாயின.

இரும்பின் பங்கு

முதலில் தோழியின் கேள்விக்கு விடை காண்போம். போர்க்கப்பலின் உட்புறம் ஒரே பெரிய கூடம் அன்று. தேன்கூட்டைப் போலப் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டது. அறைகளுக்கு இடையே நீர் புகாத தடுப்புச் சுவர்களும், இறுக மூடும் இரும்புக் கதவுகளும் உண்டு. ஓர் அறையில் ஓட்டை விழுந்தால் அந்த அறைதான் நிரம்பும். கப்பல் சற்றுத் தாழும். ஆனால் மற்ற அறைகளில் உள்ள காற்று அதனைத் தாங்கும். தடுப்புச் சுவர் உடைந்து அடுத்த அறையும், அதற்கடுத்த அறையும் நிரம்பினால்தான் ஆபத்து.

இன்னோர் ஆபத்தும் உண்டு. அகன்ற தாம்பாளத்தில் பாதி நீரை ஊற்றித் தூக்கி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் சற்றே சாய்ந்தால் நீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடும். சாய்வு இன்னும் மிகும். பாதி நிரம்பிய அறையும் கப்பலுக்கு அதே தீங்கைச் செய்கிறது. தீயை அணைக்க ஊற்றும் நீரே கப்பலைக் கவிழ்த்துவிடக்கூடும். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்னும் மாபெரும் பயணிகள் கப்பல் தீப்பிடித்தது. அதனைப் படைவீரர்களை ஏற்றும் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தனர். பற்றவைப்பு வேலையில் பறந்த பொறியே தீக்குக் காரணம். தீயணைப்புப் படகுகள் நீரைப் பொழிந்தன. தீ அடங்கியது, ஆனால் ஏறிய நீரின் பாரத்தால் கப்பல் சாய்ந்து, மறுநாள் துறைமுகத்திலேயே கவிழ்ந்தது. எதிரி ஒருவனும் அங்கே இல்லை!

எனவே, நல்ல கதவும் நல்ல சுவரும் இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கதவை எப்போது மூடுவது, எவ்வளவு நீரை ஊற்றுவது, எங்கே முட்டுக் கொடுப்பது என்று அறிந்த கைகள் வேண்டும்.

முதற் பாடம்: எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்

1967ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள். வியட்நாம் போரின்போது டோங்கின் வளைகுடாவில் பாரஸ்டல் என்னும் விமானம் தாங்கிக் கப்பல் நின்றிருந்தது. மேல்தளத்தில் எரிபொருளும் குண்டுகளும் நிரப்பிய விமானங்கள் வரிசையாக நின்றன. மின்கோளாறு ஒன்றால் ஒரு விமானத்தின் ராக்கெட் தானாகப் பாய்ந்து, எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியைத் தாக்கியது. வேலை விரைவில் முடிய வேண்டும் என்பதற்காகப் பாதுகாப்பு முறைகளில் சில தளர்த்தப்பட்டிருந்தன என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது.

எரிபொருள் தளமெங்கும் பரவித் தீப்பற்றியது. பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழுவினர் உடனே ஓடினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜெரால்டு பாரியர், பாதுகாப்பு உடை அணியக்கூட நேரம் எடுக்காமல், கையில் ஒரு சிறிய தீயணைப்பானோடு எரியும் குண்டை நோக்கி விரைந்தார். சுமார் ஒன்றரை நிமிடத்தில் முதற் குண்டு வெடித்தது. பாரியரும் அவருடைய குழுவினரில் பெரும்பாலோரும் அங்கேயே மடிந்தனர்.

இனித் தீயணைக்க அறிந்தவர் யார்? மற்ற மாலுமிகள் வீரத்தில் குறைந்தவர்கள் அல்லர். உயிரைத் துச்சமாக எண்ணிக் குழாய்களைத் தூக்கினர். ஆனால் பலருக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஒரு குழுவினர் தீயின்மேல் நுரையைப் பரப்ப, மற்றொரு குழுவினர் கடல் நீரைப் பாய்ச்சி அந்த நுரையைக் கழுவிவிட்டனர். அன்று 134 பேர் உயிரிழந்தனர். 161 பேர் காயமுற்றனர்.

இந்நிகழ்ச்சி முழுவதும் கப்பலில் இருந்த படக்கருவியில் பதிவாகியிருந்தது. அந்தப் படத்தைக் கடற்படை மறைத்து வைக்கவில்லை. பயிற்சிக்கு வரும் மாலுமிகளுக்குத் திரையிட்டுக் காட்டியது. நார்போக் நகரில் உள்ள தீயணைப்புப் பயிற்சிப் பள்ளிக்குப் பாரியரின் பெயரைச் சூட்டியது. சமையல்காரரானாலும் எழுத்தரானாலும், கப்பலில் கால் வைப்பவர் யாவரும் தீயணைக்கக் கற்க வேண்டும் என்பது உறுதியாயிற்று. அறிவு ஒரு சிலரிடம் மட்டும் இருந்தால், அந்தச் சிலர் வீழ்ந்ததும் அறிவும் வீழ்ந்துவிடும் அல்லவா?

இதைப் படித்த மறுநாள் எங்களுக்குள் ஒரு சிறு சோதனை செய்தோம். வேதியியல் ஆய்வகத்தில் மணல் வாளி எங்கே தொங்குகிறது என்று வகுப்பில் உள்ள 42 பேரையும் கேட்டோம். சரியாகச் சொன்னவர்கள் ஒன்பது பேர். இந்தக் கட்டுரையை எழுதும் நாங்களும் அந்த ஒன்பது பேரில் இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டாம் பாடம்: பழகிய கை பதறாது

பாரஸ்டல் கற்பித்த பாடம் பயன் தந்ததா? இருபத்தோர் ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது. 1988ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பாரசீக வளைகுடாவில் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்னும் போர்க்கப்பல் சென்றுகொண்டிருந்தது. ஈரான் - ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. முன்னே கண்ணிவெடிகள் மிதப்பதைக் காவல் மாலுமி கண்டார். கப்பல் தலைவர் பால் ரின் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்த ஆணையிட்டார். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் நீருக்குள் இருந்த மற்றொரு கண்ணிவெடி கப்பலின் அடியில் வெடித்தது.

அடிப்பாகத்தில் சுமார் 15 அடி அகலத்திற்கு ஓட்டை. கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிமரம் முறிந்தது. இயந்திர அறை நீரில் மூழ்கியது. இயந்திரங்கள் தம் பீடங்களை விட்டுப் பெயர்ந்தன. ஒரு பக்கம் தீ, மறு பக்கம் வெள்ளம். மேற்கட்டில் விரிசல் ஓடியது. இத்தகைய கப்பல் பிழைக்கும் என்று யார் நம்புவார்?

மாலுமிகள் தடுப்புச் சுவர்களுக்கு மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தனர். விரிசல் விட்ட மேற்கட்டை எஃகு வடங்களால் இறுக்கிக் கட்டினர், நம் ஊரில் மூட்டைகளை வண்டியில் வைத்துக் கயிற்றால் முறுக்கிக் கட்டுவதைப் போல! சுமார் ஐந்து மணி நேரப் போராட்டத்திற்குப் பின் தீயும் வெள்ளமும் அடங்கின. பத்து மாலுமிகள் காயமுற்றனர்; அவர்களுள் நால்வர் நிலை கடுமையாக இருந்தது. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. அந்தக் கப்பலைப் பிரம்மாண்டமான வேறொரு கப்பலின் மேல் ஏற்றித் தாய்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். சேதமடைந்த இயந்திரப் பகுதியை வெட்டி நீக்கிப் புதிய பகுதியைப் பொருத்தினர். அக்கப்பல் மீண்டும் பணிக்குத் திரும்பி, 2015ஆம் ஆண்டு வரை உழைத்தது.

இந்த வெற்றி அந்த ஐந்து மணி நேரத்தில் பெற்றதன்று. அதற்கு முன் மாதக்கணக்கில் சலிக்காமல் செய்த பயிற்சியில் பெற்றது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். அமெரிக்க மாலுமிகள் நீர் பீறிடும் போலி அறைகளில் நின்று ஓட்டையை அடைக்கப் பழகுகின்றனர். ஆப்பும் மரக்கட்டையும் அடித்துப் பழகுகின்றனர். கண்களைக் கட்டிக்கொண்டு, படுக்கும் அறையிலிருந்து மேல்தளத்திற்குத் தடவித் தடவி வழி காணவும் பழகுகின்றனர். விளக்கு இருக்கும்போது இருட்டைப் பழகியவன், விளக்கு அணைந்தபோது பதறுவதில்லை.

மேலும் ஒரு செய்தி எங்கள் மனத்தைத் தொட்டது. அதே பெயருடைய பழைய கப்பல் ஒன்று 1944ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டின் சமார் தீவுக்கு அருகே தன்னைவிடப் பலமடங்கு பெரிய ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்துப் போரிட்டு மூழ்கியது. தப்பியவர்கள் சுமார் 50 மணி நேரம் கடலில் மிதந்தனர். அந்தப் பழைய கப்பலின் மாலுமிகள் பெயர் பொறித்த தகடு ஒன்று புதிய கப்பலில் இருந்தது. 1988இல் தீயோடு போராடிய இளம் மாலுமிகள், குழாய்களைச் சுமந்து அவ்வழியே சென்றபோது அந்தத் தகட்டைத் தொட்டுவிட்டுச் சென்றனர் என்று சொல்லப்படுகிறது. முன்னோர் தாங்கினர், நாமும் தாங்குவோம் என்ற எண்ணம் கைக்கு வலிமை தருகிறது.

மூன்றாம் பாடம்: ஒருவருக்கு ஒருவர் துணை

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலம். 1945ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் காலை, ஜப்பானியக் கரையிலிருந்து ஏறத்தாழ 50 மைல் தொலைவில் பிராங்கிளின் என்னும் விமானம் தாங்கிக் கப்பலின்மேல் எதிரி விமானம் ஒன்று இரண்டு குண்டுகளை வீசியது. கப்பலில் இருந்த குண்டுகளும் எரிபொருளும் தொடர்ந்து வெடித்தன. 700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் நின்றது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அந்தக் கப்பலில் ஆன்ம குருவாக இருந்தவர் அருட்தந்தை ஜோசப் ஓகலகன். அவர் இயேசு சபைக் குரு. போருக்கு முன் ஹோலி கிராஸ் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அன்று அவர் புகை மண்டிய தளத்தில் இறந்துகொண்டிருந்தோர் அருகே மண்டியிட்டுச் செபித்தார். அத்தோடு நிற்கவில்லை. தீயணைக்கும் குழுக்களைத் திரட்டினார். சூடேறிய குண்டுகளைக் கடலில் தள்ள ஆட்களை அழைத்துச் சென்றார். ஆயுதம் ஏந்தாத ஒரு குருவானவர் தங்களோடு நிற்பதைக் கண்ட மாலுமிகள், தாங்களும் நின்றனர். மெடல் ஆஃப் ஆனர் என்னும் மிக உயர்ந்த வீரப் பதக்கம் 1946இல் அவருக்கு வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற முதல் கடற்படை ஆன்ம குரு அவரே.

அதே நாளில் டொனால்டு கேரி என்னும் பொறியியல் பிரிவு அதிகாரி, கீழ்த்தளத்தில் இருளும் புகையும் சூழ்ந்த உணவுக்கூடத்தில் சுமார் 300 பேர் சிக்கியிருப்பதைக் கண்டார். "நான் வழி கண்டு திரும்பி வருவேன்" என்று உறுதியளித்து, இருட்டில் தடவிச் சென்று வழி கண்டார். சொன்னபடியே திரும்பி வந்து ஒரு கூட்டத்தை அழைத்துச் சென்றார். மீண்டும் மீண்டும் வந்து எஞ்சியவர்களையும் காத்தார். அவருக்கும் அதே பதக்கம் கிடைத்தது. காத்திருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை ஒன்றே அவர்களைக் குழப்பமின்றி அமர வைத்தது.

பிராங்கிளின் சில வாரங்களில் கடல்கள் கடந்து நியூயார்க் சேர்ந்தது. ஆனால் இந்த வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. வெடிப்பினால் கடலில் வீசப்பட்டவர்களும், தீ நெருங்கியதால் வேறு வழியின்றிக் குதித்தவர்களும் பலர். அவர்களில் பலர்மீது, கப்பலைக் கைவிட்டவர்கள் என்று கப்பல் தலைவர் குற்றம் சாட்டினார். அக்குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. எனினும், உயிர் பிழைத்து வந்தவனை "நீ கோழை" என்று சொன்ன சொல் எளிதில் ஆறுமா? தீயினால் ஆன புண்ணை விட அது ஆழமாக இருந்திருக்கும் என்றே எண்ணுகிறோம்.

நான்காம் பாடம்: பெண்களும் தாங்கினர்

2000ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், ஏமன் நாட்டின் ஏடன் துறைமுகத்தில் கோல் என்னும் கப்பல் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தது. வெடிமருந்து நிரப்பிய சிறு படகு ஒன்றில் வந்த அல் கொய்தா இயக்கத்தைச் சேர்ந்த இருவர் அதனைக் கப்பலோடு மோதி வெடிக்கச் செய்தனர். கப்பலின் பக்கத்தில் 40 அடிக்கு 60 அடி அளவில் ஓட்டை விழுந்தது. 17 மாலுமிகள் உயிரிழந்தனர். அவர்களுள் இருவர் பெண்கள். அவர்களில் ஒருத்திக்கு வயது 19தான். எங்கள் அக்காமார்களின் வயது.

கப்பல் மூழ்காமல் காக்க, ஆண்களும் பெண்களுமாகிய மாலுமிகள் நாள் கணக்கில் போராடினர். அடங்கிவிட்டது என்று எண்ணிய வெள்ளம் ஓர் இரவில் மீண்டும் புகுந்தது. மின்சாரம் இல்லை, இறைக்கும் இயந்திரம் இல்லை. அவர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி நீரை இறைத்தனர். ஏவுகணை தாங்கிய கப்பலைக் காத்தது வாளி! ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுவே அன்றோ? கோல் பழுது நீங்கி 2002ஆம் ஆண்டு மீண்டும் பணிக்குத் திரும்பியது.

ஐந்தாம் பாடம்: உறக்கமும் ஒரு கவசம்

இதுவரை எழுதியதைப் படித்த எங்கள் தோழியர் சிலர், "அப்படியானால் மீண்டெழும் ஆற்றல் என்பது ஓயாமல் உழைப்பதும், பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதுமா?" என்று கேட்டனர். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். 2017ஆம் ஆண்டு எங்கள் எண்ணத்தை மாற்றியது.

அவ்வாண்டு ஜூன் 17ஆம் நாள் ஜப்பானுக்கு அருகே பிட்ஸ்ஜெரால்டு என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு சரக்குக் கப்பலோடு மோதியது; ஏழு மாலுமிகள் இறந்தனர். ஆகஸ்ட் 21ஆம் நாள் சிங்கப்பூருக்கு அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்னும் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தனர். போர் இல்லை, புயல் இல்லை. பயிற்சிக் குறைவு முதலிய பல காரணங்களோடு, போதிய உறக்கமின்மையும் ஒரு காரணம் என்று ஆய்வுகள் கூறின.

அதுவரை பல கப்பல்களில் ஐந்து மணி நேரம் காவல், பத்து மணி நேரம் இடைவெளி என்ற முறை இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தும் பத்தும் பதினைந்து. பதினைந்து இருபத்து நான்கில் சரியாக அடங்காது. ஆகவே இன்று பகலில் காவல் நிற்பவன் நாளை நள்ளிரவில் நிற்பான். உறங்கும் நேரம் நாள்தோறும் மாறும். உடலுக்குள் இருக்கும் கடிகாரம் குழம்பிப்போகும். மூன்று மணி நேரம் காவல், ஒன்பது மணி நேரம் இடைவெளி என்றால் பன்னிரண்டு. இருமுறை சேர்த்தால் இருபத்து நான்கு. நாள்தோறும் ஒரே நேரத்தில் காவல், ஒரே நேரத்தில் உறக்கம். மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுகலைக் கல்லூரியின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இத்தகைய முறையை வலியுறுத்தி வந்தனர். விபத்துகளுக்குப் பின், உடலின் கடிகாரத்தோடு இசைந்த காவல் முறையைப் பின்பற்றுமாறு 2017இல் கப்பல்களுக்கு ஆணை பிறந்தது.

பொதுத் தேர்வு நெருங்கும்போது இரவு இரண்டு மணி வரை விழித்துப் படித்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குள் ஒரு போட்டியே உண்டு. பதினேழு பேர் உயிர் கொடுத்துக் கற்பித்த பாடத்தைப் படித்த பின் அப்போட்டியில் எங்களுக்கு விருப்பம் குறைந்துவிட்டது.

ஆறாம் பாடம்: நான்கு வண்ணங்கள்

கப்பலில் ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். மனத்தில் விழுந்தால்? அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும் 2010ஆம் ஆண்டு இதற்கென்று ஒரு கையேடு வெளியிட்டன. மனத்தின் நிலையை அது நான்கு வண்ணங்களாகப் பிரிக்கிறது. பச்சை: ஆயத்தமான நிலை. மஞ்சள்: சோர்வும் எரிச்சலும் தோன்றும் நிலை, ஓய்வு கிடைத்தால் தானே தெளியும். ஆரஞ்சு: மனம் காயமுற்ற நிலை. சிவப்பு: மருத்துவரின் உதவி கட்டாயம் தேவைப்படும் நிலை.

வண்ணம் எதுவாயினும் அதில் வெட்கம் இல்லை என்பதே இதன் உட்கருத்து. மஞ்சளில் இருப்பவனைக் கவனித்தால் ஆரஞ்சுக்குப் போகாமல் தடுக்கலாம். தலைவர்களுக்கு ஐந்து கடமைகளையும் அக்கையேடு வகுக்கிறது: முன்கூட்டியே வலிமையூட்டுதல், சுமையைக் குறைத்தல், துன்புறுவோரை அடையாளம் காணுதல், சிகிச்சை கிடைக்கச் செய்தல், குணமானவரை மீண்டும் குழுவில் சேர்த்தல். ஐந்தாவது கடமையைப் படித்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் வகுப்பில் நடந்தது

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை திடீரெனக் காலமானார். ஐந்து வாரங்கள் கழித்து அவள் பள்ளிக்குத் திரும்பினாள். "பாவம், அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள்" என்று நாங்கள் எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். அவள் வந்தால் சிரிப்பை நிறுத்தினோம். எறிபந்துக் குழுவில் அவள் நின்ற இடத்தில் வேறொருத்தியை நிறுத்தினோம். அவள் ஓய்வாக இருக்கட்டும் என்று எண்ணித்தான். முன்வரிசையில் இருந்தவள் கடைசி வரிசைக்குப் போனாள். நாங்கள் அதையும் தடுக்கவில்லை.

இக்கட்டுரைக்காக ஐந்து கடமைகளையும் படித்த அன்று மாலை அவளிடம் சென்று, அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று முதன்முறையாகக் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீங்கள் எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்தீர்கள். ஆனால் என் இடத்தில் வேறு ஒருத்தி நின்றாளே" என்றாள்.

நாங்கள் அவளைக் கோழை என்று சொல்லவில்லை. ஆனாலும் பிராங்கிளின் கப்பலில் குதித்தவர்களைப் போல அவளும் கப்பலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. இரக்கம் காட்டினோம், இடம் கொடுக்கவில்லை. பெயரைச் சொல்லாமல் இதனை எழுத அவளே இசைவு தந்தாள். மிதத்தல் வகுப்பில் எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டவளும் அவளே. அன்று சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். இப்போது எறிபந்துக் குழுவில் அவள் தன் பழைய இடத்தில் நிற்கிறாள். முதல் ஆட்டத்தில் பந்தை இரண்டு முறை தவறவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது பந்தைப் பிடித்தாள்.

முடிவுரை

ஓட்டை விழுந்த கப்பல் ஏன் மூழ்கவில்லை என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்கிறோம். நீர் புகாத சுவர்கள் இருந்ததால் மூழ்கவில்லை. ஒவ்வொருவரும் வேலையை அறிந்திருந்ததால் மூழ்கவில்லை. விளக்கு இருந்த காலத்திலேயே இருட்டைப் பழகியிருந்ததால் மூழ்கவில்லை. திரும்பி வருவேன் என்று சொன்னவர் திரும்பி வந்ததால் மூழ்கவில்லை.

அன்பார்ந்த தோழியரே! நம்மில் பலர் போர்க்கப்பலைக் கண்ணால் கூடக் காணப்போவதில்லை. ஆயினும் நம் வீடும் வகுப்பும் ஒரு கப்பலே. அதில் மணல் வாளி எங்கே தொங்குகிறது என்று அறிந்துகொள்வோம். நேரத்தோடு உறங்குவோம். அருகில் இருப்பவள் எந்த வண்ணத்தில் இருக்கிறாள் என்று கவனிப்போம். வீழ்ந்தவள் எழுந்து வரும்போது, அவளுடைய இடத்தை அவளுக்காக வைத்திருப்போமாக!